கோதண்டராமன் சாரின் நாற்காலி

செத்துப்போன மனிதரின் பெயரைச் சொன்னார்கள். அதற்கு ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

வராந்தாவில் நின்றபடி கண்ணாடித் தடுப்பு வழியாக வனஜா அதைப் பார்த்தாள். அவள் கையில், மகள் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த டை சுருட்டியிருந்தது. வெளியே ஜூலை மாதத்துத் தூறல். உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிரின்சிபால் பாலசுப்ரமணியன், கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள், பட்டுப் புடவையில் ஓர் அம்மாள். பிரின்சிபால் ஆங்கிலத்தில்தான் பேசினார். வனஜாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் கோதண்டராமன் என்ற பெயர் எந்தப் பேச்சுக்கு நடுவில் வந்தாலும் அவள் காதுக்குத் தெரியும். மிஸ்டர் கோதண்டராமன், எங்கள் பிசினஸ் மேனேஜ்மெண்ட் பிரிவின் ஹெட், என்று சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கைக்கு நேரே நாற்காலியிலிருந்து எழுந்தவர் ஒல்லியாக, உயரமாக, பழுப்பு நிற சஃபாரி போட்டிருந்தார். வனஜா ஜென்மத்தில் பார்த்திராத ஆள்.

கோதண்டராமன் அவளுடைய புருஷன். கார்த்திகை மாதத்தில் வில்சன் கார்டன் மயானத்தில் அவரை எரித்து, சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோய்க் காவேரியில் கரைத்தாயிற்று. கரைத்த சட்டியைத் திரும்பிப் பார்க்காமல் வந்தவள் இந்த வனஜாதான்.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு ஒரு மூச்சு வேண்டுமே, அது வரவில்லை. அந்த ஆள் மறுபடி உட்கார்ந்தபோதுதான் நாற்காலி மேல் கண் போயிற்று. அதில் கிடந்த பச்சை வெல்வெட் திண்டு அவள் தைத்தது. சோபா தைக்கிறவரிடம் மிஞ்சிய துண்டுத் துணி வாங்கி, இலவம்பஞ்சு அடைத்து, அவருடைய முதுகு வலிக்காகத் தைத்துக் கொடுத்தது. அதன்மேல் அந்த மனிதர் சாய்ந்து உட்கார்ந்து, கோட்டுக்காரர் கேட்ட எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இது என்ன அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றும், கண்ணுகளா. எனக்கும் தோன்றியதுதான். ஆனால் அந்த நாற்காலியை ஏன் அவர்களால் காலியாக விட முடியவில்லை என்பது புரிய வேண்டுமானால், அந்தக் காலேஜின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திய டெக்னிக்கல் காலேஜ் அது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று இரும்போடு மல்லுக்கட்டும் பையன்களுக்காகத் தொடங்கியது. பெங்களூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பியபோது, அந்தத் தொழிற்சாலைகளின் ஆபீஸுக்கு டைப் அடிக்கவும் ஷார்ட்ஹேண்ட் எழுதவும் ஆள் வேண்டியிருந்தது. லேத் பட்டறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, டைப்ரைட்டர் மெஷின்களை வரிசையாக வைத்து, கமர்ஸ் பிரிவு என்று பெயர் மாட்டினார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து அங்கே வாத்தியாராகச் சேர்ந்தவர் கோதண்டராமன். அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை.

பட்டறைக்காரர்கள் அந்தக் கொட்டகையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பொம்பளைப் பட்டறை என்று கேலி பேசினார்கள். ஷார்ட்ஹேண்ட் பரீட்சை என்றால் வாத்தியார் வாய்விட்டு வாசிக்க, பிள்ளைகள் காதால் கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் லேத் ஓடினால் எதைக் கேட்பது? ஒவ்வொரு பரீட்சைக்கும் கோதண்டராமன் பட்டறைக்குப் போய், கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்துங்கப்பா என்று கேட்பார். ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. இரும்பு காத்துக்கிட்டிருக்காது சார் என்பார்களாம். அதனால் அவர் லேத்துக்கு மேலே குரல் எடுத்து வாசிக்கப் பழகினார். அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் ரசம் ஊற்று என்பதைக்கூட டிக்டேஷன் மாதிரி நிறுத்தி நிறுத்தித் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். வனஜா சிரிப்பாள்.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு ஊர் மாறிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. டைப்பிங் ஹாலின் பாதியைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஏசி மாட்டி, கம்ப்யூட்டர் வைத்தார்கள். உள்ளே போக வேண்டுமானால் கோயிலுக்குப் போவது மாதிரி செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஷார்ட்ஹேண்டுக்குச் சேரும் பெண்கள் குறைந்துகொண்டே போனார்கள். கமர்ஸ் பிரிவை மூடிவிடலாம் என்று டிரஸ்டில் பேச்சு வந்தது. அந்த நேரத்தில்தான், தபாலில் படித்து எம்.காம். முடித்திருந்த கோதண்டராமன் பிரின்சிபாலிடம் போய் உட்கார்ந்தார். "லெட்டர் அடிக்கிறவளாவே ஏன் போவணும் சார், நம்ம ஏரியாப் பொண்ணு? அடிக்கச் சொல்றவளா போவட்டுமே" என்று கேட்டார். பிசினஸ் மேனேஜ்மெண்ட் டிகிரி கொண்டுவர வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் அனுமதி வந்தது, ஒரு வருஷத்துக்கு மட்டும். வருஷா வருஷம் கமிட்டி வந்து பார்த்துப் புதுப்பிக்கும். அவருடைய படிப்பும் அவருடைய சர்வீஸும் உள்ள ஒருவர் ஹெட்டாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. முதல் வருஷம் அறுபது பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா, நீலசந்திரா என்று எல்லாம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அவருடைய ஒரே மகள் சிந்து.

அந்த வருஷம் பாதிகூட ஓடவில்லை. ஒரு நாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பிரின்சிபால் பாலசுப்ரமணியன் பாடைக்குத் தோள் கொடுத்தார். அடுத்த மாதமே வனஜாவைக் கூப்பிட்டு டைப்பிங் ஹாலில் அட்டெண்டர் வேலை போட்டுக் கொடுத்தார். மிச்சமிருந்த மெஷின்களின் உறையைக் காலையில் எடுப்பாள். பெட்ரோலில் பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்து எழுத்துகளைத் தேய்ப்பாள். வட்ட எழுத்துகளின் வயிற்றில் அடைந்த மையைக் குண்டூசியால் நோண்டி எடுப்பாள். ரிப்பன் மாற்றுவாள். சாயங்காலம் விரலெல்லாம் நீலம். புருஷன் தொட்ட மெஷின்களைத் தொடுகிறோம் என்ற ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்திற்று. அந்தக் காலேஜில் யார் போனாலும் இரங்கல் கூட்டம் வைப்பார்கள். கேட்டில் நின்ற வாட்ச்மேன் செத்ததற்குக்கூட அரை நாள் லீவு விட்டு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். கோதண்டராமனுக்கு வைக்கவில்லை. முதலில் பரீட்சை என்றார்கள். பிறகு லீவு வந்தது. பிறகு யாரும் பேசவில்லை. அவர் படமும் சுவரில் ஏறவில்லை. மறந்துவிட்டார்கள் போல என்று வனஜா நினைத்துக்கொண்டாள். வேலை கொடுத்தவர்களிடம் மனக்குறையைச் சொல்வது எப்படி?

ஜூலையில் கமிட்டி வருகிறது என்றதும் காலேஜே கல்யாண வீடாகிவிட்டது. சுண்ணாம்பு அடித்தார்கள். லைப்ரரிக்கு வேறு காலேஜிலிருந்து புத்தகம் டெம்போவில் வந்து இறங்கிற்று. பூந்தொட்டிகள் நர்சரியிலிருந்து ஒரு நாளைக்கு வந்தன. டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் பியாட்ரிஸ், கோதண்டராமனோடு அந்தக் கொட்டகையில் காலம் தள்ளியவள், வராந்தாவில் தொட்டிகளைத் தாண்டிப் போகும்போது, பூ வாடகை, புஸ்தகம் வாடகை, நாம மட்டும்தான் சொந்தம் என்றாள். எல்லோருக்கும் கழுத்தில் மாட்டப் புதுப் பிளாஸ்டிக் அட்டை அடித்துக் கொடுத்தார்கள். முந்தின நாள் பிரின்சிபால் வனஜாவைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரே கும்பலாக இருக்கும், நீங்கள் வீட்டில் இருந்து ரெஸ்ட் எடுங்கள் என்றார். தங்கமான மனுஷன் என்று அன்றைக்கு வீட்டில் கீரைக் குழம்பு பரிமாறும்போது வனஜா சொன்னாள். சிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் சிந்து டையை விட்டுவிட்டுப் போனாள். மேனேஜ்மெண்ட் பிள்ளைகள் டை இல்லாமல் நின்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வனஜா புடவை மாற்றி, குடை எடுத்து, பஸ் பிடித்து ஓடினாள். கேட்டில் புது வாட்ச்மேன், இன்னிக்கு அட்டை இல்லாம யாரும் உள்ள கெடையாது அக்கா என்றான். பையில் கிடந்த அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இப்போது வராந்தாவுக்குத் திரும்புவோம்.

அவள் நின்ற நிலையைப் பார்த்து ஓடி வந்தது பியாட்ரிஸ்தான். தோளைப் பிடித்து, பழைய ரிப்பனும் ஸ்டென்சில் பேப்பரும் போட்டு வைத்திருக்கும் சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு மொதல்ல."

"அது யாருக்கா?"

"சேஷகிரின்னு. மல்லேஸ்வரத்துக்காரரு, பேங்க்ல இருந்து ரிட்டயரானவரு. கமிட்டி வர்ற காலேஜுங்களுக்கு இப்படித்தான் வந்து உக்காந்துட்டுப் போவாராம். போன வாரம் தும்கூர்ல வேற ஒரு பேரு."

"எங்க வூட்டுக்காரரு பேருதான் கெடச்சுதா அவருக்கு?"

பியாட்ரிஸ் தன் கழுத்துச் சிலுவையை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்தப் பேர யாரும் புதுசா வெக்கல வனஜா. எடுக்கவே இல்ல, அவ்ளோதான். அவரு போயிட்டாருன்னு சொன்னா வேற ஒருத்தர ஹெட்டா காட்டணும். நம்ம காலேஜு குடுக்கற சம்பளத்துக்கு அந்தப் படிப்புப் படிச்சவன் எவன் வர்றான்? பேப்பர்ல போட்டுப் பாத்தாங்க. ஒரு ஆளும் வரல."

பெட்ரோல் வாடையும் மை வாடையும் அந்த அறையில் மண்டிக்கிடந்தன. வனஜா மெதுவாகக் கேட்டாள்.

"அதான் மீட்டிங் வெக்கலையா?"

பியாட்ரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறக்கவில்லை. அதுதான் வனஜாவின் தலையில் இடி மாதிரி இறங்கிற்று. மறந்துவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மறந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்கள் தினமும் நினைவு வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் செத்திருக்கக் கூடாது. அதனால் சாக விடவில்லை. அவள் குங்குமமில்லாமல் பூவில்லாமல் இந்த வராந்தாவைத் தாண்டிப் போன ஒவ்வொரு நாளும், அவள் புருஷன் இங்கே கணக்கில் உயிரோடு இருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சிந்து வந்தாள். வெள்ளைச் சட்டையும் நீலக் கோட்டும் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிற்று. அதைப் பார்த்த வனஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. யாரு பாடம் எடுக்கறாங்கன்னு கேட்டா சொல்லணும்னு நேத்து கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

"நீ இன்னா சொல்லுவ?"

"கோதண்டராமன் சாருன்னு சொல்லுவேன்."

"அந்த ஆளக் காட்டியா?"

சிந்து டையை வாங்கிக் கழுத்தில் போட்டாள். முடிச்சு விழவில்லை. ஒருமுறை அவிழ்த்து மறுபடி போட்டாள். "இத கொண்டாரதுக்கு அப்பா எத்தினி பேஜாரு பட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா? இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா கோர்ஸ் நிக்கும். இல்லன்னா அப்பாவோட இதுவும் போச்சு. நாங்க அறுபது பேரும் ரோட்ல நிப்போம். ஒன் வேலையும் போவும். ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இரும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

பெற்ற பெண் தன்னிடம் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சுவதை வனஜா அதற்கு முன்னால் கேட்டதில்லை. தலையாட்டினாள். முடிச்சுக் கோணலாக விழுந்த டையோடு மகள் ஓடிப்போனாள்.

பின்பக்கமாக வெளியேறிப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினாள். நடையில் எதிரே வந்த பிரின்சிபால் அவளைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கேட்டுப் பக்கம் கமிட்டியின் டிரைவர்கள் நிற்கிறார்கள், கொஞ்ச நேரம் பின்னாலேயே இருங்கள் அம்மா என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போனார். சமையல் நடந்துகொண்டிருந்த பின்கட்டில் பெரிய அட்டெண்டர் லட்சுமம்மா ஒண்டியாகத் தவித்துக்கொண்டிருந்தாள். கன்னடக்காரி, ஆனால் தமிழும் சரளம். பந்தி பரிமாற வர வேண்டியவன் மழையில் வரவில்லை. அவளுக்கு உள்ளே நடக்கிற நாடகம் எதுவும் தெரியாது. பாத்திரமும் இலையும்தான் தெரியும். "வனஜம்மா, பன்னி பன்னி, வாங்க வாங்க, ஒரு கை குடுங்க. நீங்க மஜ்ஜிகே மட்டும் ஊத்துங்க, சாக்கு, அது போதும்" என்று மோர்ச் செம்பைக் கையில் திணித்துவிட்டாள்.

வனஜாவின் கை செம்பை வாங்கிக்கொண்டது. கால் நடந்தது. மனசு மட்டும் இன்னும் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தது.

லைப்ரரியில் பந்தி. இரவல் புத்தகங்கள் அலமாரியில் பளபளவென்று அடுக்கியிருந்தன. வாழை இலையில் கோசம்பரி, பிசிபேளே பாத், நெய் ஊற்றிய ஒப்பட்டு. மேனேஜ்மெண்ட் பிள்ளைகள் சுவரோரம் டையும் கோட்டுமாக வரிசை கட்டி நின்றார்கள். விருந்தாளிகளுக்குப் பூங்கொத்துக் கொடுக்க முதல் ஆளாகச் சிந்து. கமிட்டி அம்மாளின் பெயர் ராஜலக்ஷ்மி, மைசூரிலிருந்து வந்திருந்தார். கலகலவென்று பேசினார். பிள்ளைகளிடம் கேட்டதற்கெல்லாம் பதில் சரியாக வந்ததாம், ரொம்பத் திருப்தி என்று பிரின்சிபாலிடம் சொன்னார். அவருக்கு இரண்டு இலை தள்ளிச் சேஷகிரி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வனஜா அவருக்கும் மோர் ஊற்றினாள். பக்கத்தில் பார்த்தால் அவர் காலர் நைந்து, திருப்பித் தைத்திருந்தது. போதும்மா என்று இலையைப் பார்த்தே சொன்னார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுவும் ஒரு வேதனையாக இருந்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். பெண் விருந்தாளி வந்தால் மஞ்சள் குங்குமம் கொடுக்காமல் அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. லட்சுமம்மா வெள்ளித் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, மல்லிகைச் சரம், ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். ராஜலக்ஷ்மி அம்மாள் குங்குமத்தைத் தொட்டு நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார். வாங்கியவர் இன்னொரு சுமங்கலிக்குக் கொடுக்க வேண்டும். லட்சுமம்மாவுக்குக் கொடுத்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். செம்போடு ஓரமாக நின்ற வனஜாவின் கழுத்து அட்டை அவர் கண்ணில் பட்டது. வாய்விட்டு வாசித்தார்.

வனஜா கோதண்டராமன்.

கமிட்டிக்காக எல்லாவற்றையும் யோசித்தவர்கள், புத்தகம் தொட்டி ஆள் என்று ஒன்று விடாமல் கொண்டுவந்தவர்கள், அந்த அட்டையை மட்டும் யோசிக்கவில்லை.

"சாரோட மிஸஸா நீங்க? ரெண்டு பேரும் இங்கயே வேலை செய்யறேளா?" அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. சேஷகிரியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சொல்லவே இல்லையே சார்." தட்டைத் தானே வாங்கிக்கொண்டு வனஜாவிடம் வந்தார். அந்தக் காலத்தில் விதவைகளும் சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். சிந்து பிடிவாதம் பிடித்து வனஜாவின் நெற்றியில் ஒட்டியிருந்தாள். அம்மாளுக்குச் சந்தேகம் வர ஒன்றுமில்லை. "எடுத்துக்கோங்கோ. சுமங்கலி கையாலதான் வாங்கிண்டேன். உங்களுக்குக் குடுத்தா எனக்கும் நல்லது."

இந்த இடத்தில் நாமும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். அவளுக்கு அந்த அவகாசம்கூட இல்லை.

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். சேஷகிரி கையைக் கழுவாமல் நின்றார். தட்டில் குங்குமம் குவிந்து கிடந்தது. எடுத்தால், இத்தனை பேருக்கு முன்னால், மகளுக்கு முன்னால், அந்த சஃபாரிக்காரர் அவள் புருஷன். எடுக்காவிட்டால், சுவரோரம் நிற்கிற அறுபது பிள்ளைகள். வனஜா சிந்துவைப் பார்த்தாள். அவள் பூங்கொத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு நாள்தான், பொடிதானே என்று வனஜா தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் கழுவினால் போய்விடும். மை அடைந்த விரலை நீட்டினாள். குங்குமத்தில் வைத்தாள். சிவப்பு ஒட்டிற்று. விரல் நெற்றியை நோக்கி எழும்பிற்று.

"ம்மா. வெக்காத."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சிந்து வரிசையை விட்டு வந்திருந்தாள்.

"எங்கப்பா செத்துட்டாரு மேடம். கார்த்திகையில. இவரு யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. ராஜலக்ஷ்மி அம்மாளின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. அவர் வனஜாவின் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏதோ சுட்டுவிட்டது மாதிரி இருந்தது அவர் முகம். முதலில் நகர்ந்தவர் சேஷகிரிதான். கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவருக்கு ஒரு சம்சாரம் இருக்காங்கன்னு எனக்கு யாரும் சொல்லலம்மா" என்றார் வனஜாவிடம். "பேரு மட்டும்தான் சொன்னாங்க." நனைந்துகொண்டே கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

வனஜாவுக்கு வீடு வந்து சேர்ந்தது நினைவில்லை. கேழ்வரகு மாவை அளக்கையில்தான் விரலில் சிவப்பு இன்னும் இருந்தது தெரிந்தது. தேய்த்தாள். போகாத நீலமும் போகாத சிவப்பும் கலந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து சிந்து உட்கார்ந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீதானேடி வாய மூடச் சொன்ன. நான் மூடிட்டுத்தானே இருந்தேன்."

"பேருதானேன்னு நெனச்சேம்மா. பேரு இருந்துட்டுப் போவட்டும், அப்பா பேருதானேன்னு." சிந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீ வெரல வெச்சியே, அப்பதான்..."

வனஜா களியைக் கிண்டினாள். கட்டி தட்டிப் போயிற்று. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

கோர்ஸுக்கு அனுமதி புதுப்பிக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்றைக்குப் பிள்ளைகளின் பெற்றோர் ஆஸ்டின் டவுனில் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெரிந்த முகங்கள்தான். புட்பால் கிரவுண்டில் கோதண்டராமனோடு மேட்ச் பார்த்தவர்கள், அவர் பேச்சை நம்பிப் பிள்ளையைச் சேர்த்தவர்கள். ஈஜிபுராவிலிருந்து வந்த ஓர் ஆட்டோக்காரர், தன் வீட்டில் முதல்முதலாகக் காலேஜுக்குப் போன பிள்ளை அவன் என்றார். "ஒரு பொட்டு வெச்சிருந்தா இன்னாம்மா கொறஞ்சு போயிருக்கும் ஒனக்கு? சாயங்காலம் அழிச்சிக்கலாம் இல்ல? எம் புள்ள வருசத்த எப்பிடி அழிச்சி எழுதறது?"

அவர் கேட்டது நியாயம் என்றே வனஜாவுக்குப் பட்டது. தான் செய்ய இருந்ததும் அதைத்தான் என்று சொல்லலாம். சொன்னால் பழி மகள் தலையில் விழும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபது பேரையும் ஜெயநகர் பக்கம் வேறு ஒரு காலேஜில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து. ஒரு வருஷம் போனது போனதுதான். சிந்துவோடு பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே போனார்கள்.

ஆகஸ்டில் ஒரு மழை நாளில் பாலசுப்ரமணியன் வந்தார். ஜெர்கினிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசல்படியிலேயே நின்று பேசினார். டிரஸ்டில் விசாரணை வைத்திருக்கிறார்கள், தனக்கு வேலை போகலாம், அது சரிதான் என்றார். வனஜாவின் வேலையை யாரும் தொட மாட்டார்கள், அதை மட்டும் எழுதி வாங்கிவிட்டேன் என்றார். பிறகு குரல் இறங்கிற்று.

"ஏமாத்தணும்னு ஆரம்பிக்கலம்மா. அவர் இல்லன்னு ஒரு வரி எழுதணும். உக்காந்தேன். கை வரல. இருபத்தேழு வருஷம் எதிர் நாற்காலில உக்காந்த மனுஷன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு தள்ளினேன். அப்பறம் எழுதவே முடியாத மாதிரி ஆயிடுச்சு."

வனஜா அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"மீட்டிங் வெச்சிடுங்க சார்."

"என்ன மீட்டிங்?"

"அவருக்கு. வாட்ச்மேனுக்கு வெச்சீங்களே, அதே மாதிரி. நீங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க, அவரு போயிட்டாருன்னு. அந்தக் காலேஜுல இன்னும் யாரும் அதச் சொல்லல."

டைப்பிங் ஹாலில்தான் வைத்தார்கள். மெஷின்களுக்கு வனஜாவே உறை போட்டாள். பச்சைத் திண்டு கிடந்த நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் படத்தைச் சாய்த்து, பியாட்ரிஸ் மாலை போட்டாள். டைப்பிங் பெண்கள், கம்ப்யூட்டர் பிள்ளைகள், லட்சுமம்மா எல்லோரும் இருந்தார்கள். ஜெயநகருக்குப் போய்விட்ட பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றுதான் சிந்து நினைத்தாள். பாதிப் பேருக்கு மேல் வந்தார்கள். யாரும் டை கட்டியிருக்கவில்லை. அந்த ஆட்டோக்காரர் மகன் நேராக வந்து சிந்துவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான். பேசவில்லை. உட்கார்ந்தான், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில், காலர் திருப்பித் தைத்த சட்டையோடு ஓர் உயரமான மனிதர் உள்ளே வராமல் நின்றார்.

பாலசுப்ரமணியன் எழுந்தார். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவர் அன்றைக்குத் தமிழில் ஆரம்பித்தார். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, லேத்துக்கு மேலே குரலை எடுத்து, மறுபடி சொன்னார்.

"நம்ம கோதண்டராமன் செத்துப்போயிட்டார்."

சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மௌனமாக எழுந்து நின்றார்கள்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு இழைக்கும் சத்தம் வழக்கம்போல் கிறீச்சிட்டது. வனஜா தலை குனிந்து நின்றாள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் குரலைத் தேடினாள். அப்போது கிறீச்சிடல் கொஞ்சம் மெலிந்தது. ஒரு மெஷின் நின்றது போலிருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று நின்றது. பிறகு இன்னொன்று. கடைசி லேத்தின் சக்கரம் சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, முனகி, ஓய்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டைகள் பட்டறை வாசலில் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தன.

அந்த ஹாலில் மழைத் தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை.

கார்த்திகையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வனஜாவுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நிறுத்திட்டாங்க, சிந்து" என்றாள்.